பாட்டு ஏற்றித் தரப்படும்

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலோ, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி பேருந்து நிலையங்களின் ஓரத்திலோ நடந்து போனவர்களுக்கு அந்த அட்டை நினைவிருக்கும். செல்போன் ரீசார்ஜ் கடையின் கண்ணாடியில், சிம் கார்டு விளம்பரங்களுக்கு நடுவே, 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். ஹார்ட் டிஸ்கைத் திறந்தால் இளையராஜா சோகம், எம்.ஜி.ஆர். தத்துவம், அம்மன் பாட்டு, கரகாட்டம் என்று கடைக்காரர் தன் ரசனைப்படி வகுத்த அறைகள். "அண்ணே, டிராக்டர்ல கேக்குற மாதிரி ஒரு ஜிபி போட்டு விடுங்க" என்று சொன்னால் போதும். எது டிராக்டருக்கு ஏற்ற பாட்டு என்று அவருக்குத் தெரியும்.

இன்று 'வீட்டு மீடியா சர்வர்' என்று சொல்லப்படுவதும் ஏறக்குறைய இதுதான். ஓய்வுபெற்ற கம்ப்யூட்டர் ஒன்றை மூலையில் வைத்து, வீட்டிலுள்ள பாட்டு, படம், கல்யாண வீடியோ, புகைப்படம் எல்லாவற்றையும் அதில் கொட்டி, வைஃபை வழியாக எந்த டிவியிலும் எந்தச் செல்போனிலும் பார்க்கும்படி செய்வது. கடைக்குப் போய்க் கார்டில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை, கூடத்தில் உட்கார்ந்தபடியே எடுத்துக்கொள்ளலாம். வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் ஒருவரிடம் உள்ள கருவியில் ஊரே பாட்டுக் கேட்பது புதுக்கோட்டைக்குக் கம்ப்யூட்டரோடு வந்த வழக்கமல்ல. அதற்கு முன்பே அது பல வடிவங்கள் எடுத்துவிட்டது.

கிராமபோன் காலத்தில் அது செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலிருந்து தொடங்கியது. திருமயம், பொன்னமராவதி வட்டாரத்து நகரத்தார் ஊர்களில் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்தவர்கள் இருந்தார்கள். கருவிக்கும் தட்டுக்கும் காசு இருந்தது. பக்கத்துக் காரைக்குடியில் இசைத்தட்டு விற்ற குடும்பத்திலிருந்து போன ஏ.வி. மெய்யப்பன்தான் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஓடியன் தட்டுகளுக்கு முகவராகி, பிறகு ஏவிஎம் ஸ்டுடியோவை எழுப்பினார். தமிழ் சினிமாவின் பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் பின்னால் தட்டு விற்ற கடையொன்று இருப்பதைத் திரைப்பட வரலாறு எழுதுபவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் அது.

அந்தத் தட்டுகளில் சுழன்ற குரல்களில் ஒன்று இந்த ஊருடையது. புதுக்கோட்டை உலகநாதபிள்ளை சின்னப்பா, சுருக்கமாகப் பி.யு. சின்னப்பா, 1916இல் பிறந்தவர். நாடகக் கம்பெனியில் வளர்ந்து, 'உத்தம புத்திரன்' (1940), 'ஆர்யமாலா' (1941), 'கண்ணகி' (1942), 'ஜகதலப்ரதாபன்' (1944) என்று அடுத்தடுத்து ஓடிய படங்களில் பாடி நடித்தார். சம்பாதித்த பணத்தில் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக் குவித்தார். இனி இவர் வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஒரு கதை இன்றும் ஊரில் உலவுகிறது. 1951இல், 35 வயதில் இறந்தார். 'ஜகதலப்ரதாபன்' படத்தில் ஒரே காட்சியில் பல சின்னப்பாக்கள் தோன்றி, ஒருவர் பாட மற்றவர்கள் வாத்தியம் வாசிப்பார்கள். அந்தக் காட்சி தியேட்டர் திரையில் தொடங்கி, வீடியோ கேசட், விசிடி, மெமரி கார்டு என்று இறங்கி, இன்று யாரோ ஒரு தாத்தாவுக்காகப் பேரன் அமைத்த சர்வரில் கிடக்கக்கூடும். ஒரு குரல் இத்தனை பாத்திரம் மாறியும் சிந்தாமல் வந்திருக்கிறது.

எல்லாம் அப்படி வந்துவிடவில்லை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் என்று போற்றப்படும் மாமுண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். 1922இல் மறைந்தார். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெயர் எடுத்தவர். 'புதுக்கோட்டை பாணி' என்று தாள வாத்தியக்காரர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வது இவர்கள் வழி. அந்த வாசிப்பு கையிலிருந்து கைக்குத்தான் போனது. மாமுண்டியா பிள்ளையின் சீடரான பழனி முத்தையா பிள்ளையிடமிருந்து அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு வந்து சேர்ந்தபோது ஒலிப்பதிவும் வானொலியும் வந்துவிட்டிருந்தன. பாணியை நாம் காதால் கேட்க முடிவது அந்தத் தலைமுறையிலிருந்துதான்.

இசையைச் சேமித்து வைக்கும் ஆசை என்று பார்த்தால் கணக்கு இன்னும் பின்னால் போகிறது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலையில், மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறைச் சரிவில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, சுரங்களை நான்கு நான்காகக் கூட்டி வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். ருத்ராசாரியார் என்பவரின் மாணவரான ஓர் அரசர் மாணவர்களின் பயனுக்காக இதைச் செய்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த அரசர் மகேந்திரவர்மப் பல்லவன் என்று நீண்ட நாள் சொல்லி வந்தார்கள். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. யாராக இருந்தாலும், பலர் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவிடத்தில் இசையை வைத்தவர் அவர். திருமயத்துக் குடைவரையிலும் இதுபோன்ற இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அதன் மேலேயே வேறு சாசனத்தை வெட்டிவிட்டார்கள். மிச்சம் சில எழுத்துகள்தான். நகல் எடுத்து வைக்காத ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்ததற்குச் சமம்.

சரி, கம்பியில்லாமல் வருவதற்கு வருவோம். திருச்சியில் அகில இந்திய வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். இந்தியாவோடு அது இணைந்தது 1948 மார்ச்சில். அரசியல் எல்லையை வானொலி அலை மதிக்கவில்லை. பின்னாளில் பஞ்சாயத்து ரேடியோக்கள் வந்தன. ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு சிறு அறை, உள்ளே பெட்டி, வெளியே குழாய் ஸ்பீக்கர், மாலையில் திறந்து போட ஓர் ஆள். செய்தியும் நாட்டுப்புறப் பாட்டும் விவசாய நிகழ்ச்சியும் அந்த ஸ்பீக்கரிலிருந்து தெருவுக்கு வந்தன. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் திருச்சி வானொலியின் பிரசாரத்தால் காவிரிப் பகுதியில் பரவி, 'ரேடியோ நெல்' என்றே பெயர் வாங்கியது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் இருந்தவர்களுக்குத் திருச்சியைவிட இலங்கை வானொலி நெருக்கம். கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் முகம் பார்க்காமலே வீட்டு மனிதர்களாக ஆக்கிக்கொண்ட தலைமுறை அது.

வீட்டில் சொந்தமாக ரேடியோ வைத்திருப்பதற்கு அப்போது லைசென்ஸ் வேண்டும். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வர வேண்டும். கட்டாமல் பாட்டுக் கேட்டால் குற்றம். அந்த லைசென்ஸ் 1980களின் நடுவில்தான் ஒழிந்தது. அதே கட்டுப்பாட்டின் இன்னொரு கிளை பிறகும் தொடர்ந்தது. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 ஜனவரியில்தான் உரிமம் தேவையில்லாததாக இந்தியாவில் அறிவிக்கப்பட்டது. வைஃபையின் முதல் தரநிலை 1997இலேயே வெளிவந்துவிட்டது என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். இன்று கூடத்தில் சர்வர் வைப்பவர் யாரிடமும் முத்திரை வாங்காமல் தன் வீட்டுக்குள் தானே ஒரு நிலையம் நடத்த முடிவது அந்த அறிவிப்பால்.

பாட்டு கடைக்கு வந்தது கேசட்டோடு. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963இல் அறிமுகப்படுத்தினாலும், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் கையில் டூ-இன்-ஒன் வந்து இறங்கிய 1970, 80களில்தான் இங்கே அது பரவலானது. 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976. இளையராஜாவும் கேசட்டும் சேர்ந்தே கிராமத்துக்குள் நுழைந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் வெற்றுக் கேசட்டில் பதிந்து தரும் கடைகள் வந்தன. பட்டியலில் கடைசிப் பாட்டு பாதியில் அறுபடும். அறுபட்ட இடமும் மனப்பாடமாகிவிடும். அதன் பிறகு அசல் பாட்டை முழுதாகக் கேட்டாலும் அந்த இடத்தில் காது தடுக்கும்.

படத்துக்கு டெக். கோயில் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, பந்தலில் விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். அந்த டெக்கை ஓரிடத்தில் நிறுத்திவைத்து அங்கிருந்து வீட்டுக்கு வீடு கம்பி இழுத்தபோது அது கேபிள் ஆனது. சாட்டிலைட் சேனல்களுக்கு முன்பும், சன் டிவி 1993 ஏப்ரலில் தொடங்கிய பின்பும், கேபிள்காரர் தன் அறையிலிருந்து போட்ட படத்துக்குத் தனி மவுசு. 'இன்னைக்கு ராத்திரி என்ன படம் போடுறீங்க' என்று ஆள் அனுப்பிக் கேட்ட தெருக்கள் உண்டு. 1995இல் கேபிள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பிறகு டெக் போய் விசிடி பிளேயர், அது போய் ஒரு கம்ப்யூட்டர். கேபிள்காரரின் அறையில் இரவும் பகலும் ஓடிய அந்த அசெம்பிள்டு கம்ப்யூட்டர், கம்பி வழியாகப் பல நூறு வீட்டுக்குப் படம் அனுப்பியது. வீட்டுக்காரர் கையில் தேர்வு இல்லை. சர்வரிலிருந்து அதைப் பிரிக்கும் கோடு அது ஒன்றே.

இத்தனையிலும் சட்டம் எங்கே என்று கேட்கலாம். பெரும்பாலும் வெளியே நின்றது. 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு விசிடி தயாரிப்பவர்களையும் விற்பவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவரும் சினிமா நகல் விற்பவரும் ஒரே சட்டப் பட்டியலில். மெமரி கார்டுக் கடைகளும் உரிமை பெற்றுப் பாட்டு ஏற்றவில்லை. பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ அதிலிருந்து ஒரு காசு போகவில்லை. அதை மறைத்து அந்தக் கடைகளை வெறும் ஏக்கத்தோடு எழுதுவது நேர்மையாகாது.

அந்தக் கடைகளை மூடியது சட்டமல்ல, 2016 செப்டம்பர் 5. ஜியோ அன்று வந்தது. டேட்டா விலை சரிந்த பிறகு பாட்டை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய தேவையே போய்விட்டது. அட்டை கிழிந்தது, கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் போனது.

இதற்கிடையில் இன்னொரு வகைக் கம்ப்யூட்டர் வீடுகளுக்குள் வந்து தேங்கியிருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கானது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க ஏறத்தாழ 50 லட்சம் பேர் கைக்குப் போனது. கந்தர்வகோட்டையிலும் இலுப்பூரிலும் கறம்பக்குடியிலும் அதுதான் அந்த வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் என்ற நிலை சாதாரணம். ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். பாஸ் என்பது சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட இந்திய லினக்ஸ். வாங்கிய கையோடு கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். பாவம், பிற்காலத்தில் அந்த இயந்திரத்துக்கு உயிர் கொடுக்கப்போவது லினக்ஸ்தான் என்று யாருக்குத் தெரியும்?

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரி 14 அன்று நின்றது. அதற்குப் பிறகு அந்த லேப்டாப்பை இணையத்தில் விடுவது ஆபத்து; புதிய விண்டோஸ் போட்டால் திணறும். லினக்ஸில் எடை குறைந்த வகை ஒன்றைப் போட்டால் அதே 2 ஜிபியில் அமைதியாக ஓடும். அதன் மேல் மினிடிஎல்என்ஏ என்ற சிறு மென்பொருள் போதும். டிவியின் மெனுவில் சர்வரின் பெயர் தானாகத் தெரியும். சோனி, இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் 2003இல் கூடி உண்டாக்கிய டிஎல்என்ஏ என்ற பொது ஏற்பாடு இதற்கு அடிப்படை. அந்த அமைப்பு 2017இல் கலைக்கப்பட்டும், ஏற்பாடு டிவிகளில் தொடர்ந்து வருகிறது. படத்தின் போஸ்டர், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி எல்லாம் வேண்டுமென்றால் ஜெல்லிஃபின் என்ற மென்பொருள். ஆனால் பழைய லேப்டாப்பின் புராசசர் படத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே அனுப்பும் அளவுக்கு வலுவுள்ளதல்ல. டிவி நேரடியாகப் படிக்கக்கூடிய வடிவில் படத்தை வைத்துவிட வேண்டும். சர்வரை ரவுட்டரோடு லேன் கம்பியில் இணைத்துவிட்டு, டிவியும் செல்போனும் மட்டும் வைஃபையில் வந்தால் படம் நின்று நின்று ஓடாது. டிவிடி தரத்துப் படத்துக்கு நொடிக்கு 10 மெகாபிட் போதும். பழைய வைஃபை கருவிகளே அதைத் தாங்கும்.

மின்சாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை இரவும் பகலும் ஓட விட்டால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். 20 வாட் லேப்டாப் என்றால் 29 யூனிட். திரையை மூடிவைத்தால் இன்னும் குறையும். கொஞ்சமாவது தாங்கும் பேட்டரி இருந்தால் அதுவே யுபிஎஸ். 2012இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன நாட்களைப் பார்த்த மாவட்டத்துக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்து புதுக்கோட்டை வழியாகப் போனது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புகள் படுத்தன. மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. செல்போன் கோபுரங்களும் செத்தன. ஜெனரேட்டர் வைத்துச் செல்போனுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்த நாட்கள் அவை. சார்ஜ் ஏறியும் சிக்னல் இல்லாத போனில் எஞ்சியது உள்ளே இருந்தது மட்டும்: பழைய மெமரி கார்டில் எப்போதோ ஏற்றிய பாட்டு, எடுத்த படம். ஜெல்லிஃபின் பிறந்தது அதற்கு அடுத்த மாதம், 2018 டிசம்பரில். எம்பி என்ற மென்பொருள் தன் மூல நிரலை மூடிக்கொண்டதால் கோபப்பட்டுப் பிரிந்து போனவர்கள் செய்தது. கஜாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் தன் பொருள் தன் வீட்டில் இருக்கட்டும் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே எழுந்திருக்கிறது.

அப்படி வைப்பதற்கு என்ன இருக்கிறது? கடையில் ஏற்றிய பாட்டை நகல் எடுத்து வைப்பதைவிட நியாயமான சரக்கு இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு. கல்யாண விசிடிகள் வெளுத்து, படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கின்றன. கும்மி, ஒப்பாரி பாடிய பாட்டிகளின் குரல் யாரோ ஒருவர் செல்போனில் கிடக்கிறது. சின்னப்பாவின் படங்களும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான் காப்பு என்பதால், அவர் படங்களுக்கான அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமைக்குக் கணக்கு வேறு: அவர்கள் இறந்த பின் 60 ஆண்டுகள். தன் வீட்டுச் சேகரிப்பை ஊருக்குத் திறந்துவிடுவதற்கு முன்மாதிரியும் இங்கேயே இருக்கிறது. திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி–டோரதி தம்பதியர் உருவாக்கிய ஞானாலயா நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சேர்ந்திருக்கின்றன. தமிழின் முதல் பதிப்புகளைத் தேடும் ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள்.

பழைய லேப்டாப்புகளில் பல இப்போது வேறு வேலையிலும் இருக்கின்றன. ஆடி மாதத்தில் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் நடக்கும் மொய் விருந்துகளில் நோட்டுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் மொய் எழுதி ரசீது அச்சடித்துத் தருவது வந்துவிட்டது. மற்றவை பரணில் கிடக்கின்றன, அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. மின்னணுக் கழிவுக்கென்று தனி விதிகள் 2012 முதல் நடைமுறையில் இருந்தும், எடைக்குப் போடும் பழக்கம் மாறவில்லை. நின்றுபோயிருந்த மடிக்கணினித் திட்டத்தைப் புதுப்பித்து, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாகத் தமிழ்நாடு அரசு 2025–26 பட்ஜெட்டில் அறிவித்தது. அக்காவுக்கு வந்த பழையது இருக்கும் வீட்டுக்குத் தம்பியின் புதியது வரும். அப்போது பழையதை எடைக்குப் போடுவதா, ரவுட்டர் பக்கத்தில் ஒரு பலகை அடித்து வைப்பதா என்ற பேச்சும் அந்த வீட்டில் எழும்.